டார்கெட் ரிசல்ட் வாரம்: ஆப்ஷன் செயினில் எதைப் பார்த்து ஸ்ட்ரைக் எடுப்பது?

செங்காந்தள்:

வணக்கம். அமெரிக்கச் சந்தையில் டார்கெட் (சில்லறை விற்பனைக் கடைத்தொடர்) பங்கின் காலாண்டு ரிசல்ட்டுக்கு ஆப்ஷன் செயினை (ஆப்ஷன் விலைப் பட்டியல்) வைத்து டிரேட் எடுப்பது பற்றிய கேள்வி. கணக்குக்கு எளிதாக இருக்க, பங்கு 100 டாலரில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ரிசல்ட் புதன் காலை சந்தை திறக்கும் முன் வருகிறது. எக்ஸ்பயரி (ஆப்ஷன் காலாவதியாகும் நாள்) அதே வாரம் வெள்ளி. திங்கள் சந்தை முடியும் நேரத்தில் செயின் இப்படி இருக்கிறது (முதல் எண் ஸ்ட்ரைக், அதாவது ஒப்பந்த விலை; கால் அந்த விலையில் பங்கை வாங்கும் உரிமை, புட் விற்கும் உரிமை; பிட் வாங்குபவர் தரும் விலை, ஆஸ்க் விற்பவர் கேட்கும் விலை):

100 கால்: பிட் 4.05, ஆஸ்க் 4.25
100 புட்: பிட் 3.95, ஆஸ்க் 4.15
105 கால்: பிட் 2.00, ஆஸ்க் 2.10
110 கால்: பிட் 0.85, ஆஸ்க் 0.95
95 புட்: பிட் 2.15, ஆஸ்க் 2.25

ஐ.வி. (ஆப்ஷன் விலை உணர்த்தும் ஆண்டுக் கணக்கிலான ஏற்ற இறக்கம்) 81 சதவீதம் காட்டுகிறது. ஓபன் இன்ட்ரஸ்ட் (ஓ.ஐ., மூடப்படாமல் நிற்கும் கான்ட்ராக்டுகளின் எண்ணிக்கை) 105 காலில்தான் மிக அதிகம். ரிசல்ட் நன்றாக வந்து பங்கு 4 சதவீதம் ஏறும் என்று கணித்தால் 105 கால் வாங்கலாமா? திசை சரியாக இருந்தும் கால் வாங்கியவர்களுக்கு நஷ்டம் வருவது ஏன்? 105-இல் ஓ.ஐ. அதிகம் என்பதால் பங்கு அதைத் தாண்டாது என்று எடுத்துக்கொள்ளலாமா? 81 என்பது அதிகமா குறைவா, எதோடு ஒப்பிடுவது?

---

எண்சுவடி:

செங்காந்தள், 105 காலைத் தொடும் முன் 100 ஸ்ட்ரைக்கைப் பாருங்கள். மேலே எழுதியவற்றில் பயனுள்ள எண் அங்கேதான் இருக்கிறது.

100 கால் நடுவிலை 4.15, புட் நடுவிலை 4.05. இரண்டையும் கூட்டினால் 8.20. இதுதான் ஸ்ட்ராடில் விலை, அதாவது ஒரே ஸ்ட்ரைக்கில் காலும் புட்டும் சேர்த்து வாங்கும் விலை. வெள்ளிக்குள் பங்கு ஏதோ ஒரு பக்கம் சராசரியாக 8.2 சதவீதம் நகரும் என்று சந்தை ஏற்கெனவே விலை போட்டுவிட்டது. நீங்கள் எதிர்பார்ப்பது 4 சதவீதம், சந்தை விலை போட்டிருப்பதில் பாதி. உங்கள் கணிப்பு அப்படியே பலித்தாலும் வாங்கிய 105 கால் தேயும்.

இந்த 8.2 முழுவதும் ரிசல்ட்டுக்கானது அல்ல. செவ்வாய், வியாழன், வெள்ளி ஆகிய மூன்று சாதாரண நாள்களின் அசைவும் இதில் அடக்கம். அதைப் பிரித்தெடுக்க 8.2-இலிருந்து நேராகக் கழிக்கக்கூடாது, வர்க்கத்தில் கழிக்க வேண்டும். ரிசல்ட் இல்லாத வாரத்தில் மூன்று நாள் ஸ்ட்ராடில் 2.50 டாலர் என்று வையுங்கள். 8.2-இன் வர்க்கம் 67.2. 2.5-இன் வர்க்கம் 6.2. மீதி 61. அதன் வர்க்கமூலம் 7.8. ஆக ரிசல்ட் காலைக்கு மட்டும் சந்தை போட்டிருக்கும் விலை சுமார் 7.8 சதவீதம். கழித்த பிறகும் பெரிதாகக் குறையவில்லை, கவனியுங்கள். அந்த வாரத்துப் பிரீமியத்தில் பெரும்பகுதி ஒரே ஒரு காலைப்பொழுதுக்காகக் கொடுப்பது.

81 அதிகமா என்று கேட்டால், தனியாக அந்த எண்ணுக்குப் பொருள் கிடையாது. ஒப்பிட வேண்டியது இந்த 7.8-ஐ, பங்கின் பழைய ரிசல்ட் நாள் அசைவுகளோடு. டார்கெட் இந்த விஷயத்தில் அமைதியான பங்கே இல்லை. 2022 மே 18 அன்று ஒரே நாளில் சுமார் 25 சதவீதம் விழுந்தது. 2023 நவம்பரில் சுமார் 18 ஏற்றம். 2024 மார்ச்சில் 12 ஏற்றம், மே மாதத்தில் 8 இறக்கம், ஆகஸ்டில் 11 ஏற்றம், நவம்பரில் 21 இறக்கம். 2025-இல் மார்ச்சில் 3 சதவீதம், மே மாதத்தில் 5, ஆகஸ்டில் 6 என்று மூன்றும் இறக்கம், ஆனால் சிறியவை. கொஞ்ச காலம் அடங்கிக் கிடக்கும், பிறகு ஒரேயடியாகத் தூக்கியடிக்கும். சராசரியை மட்டும் பார்த்தால் இந்தக் குணம் தெரியாது, எட்டுப் பத்து ரிசல்ட்டுகளை வரிசையாக எழுதிப் பார்க்க வேண்டும். முடிந்தால் அந்தந்த ரிசல்ட்டுக்கு முந்தைய நாள் ஸ்ட்ராடில் என்ன விலையில் இருந்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். 11 சதவீத அசைவு என்பது 6 விலை போட்டிருந்த நாளில் ஒரு கதை, 10 போட்டிருந்த நாளில் வேறு கதை.

இப்போது 105 கால். ஆஸ்க் விலை 2.10-க்கு வாங்குகிறீர்கள். ஒரு கான்ட்ராக்ட் 100 பங்கு, எனவே 210 டாலர். புதன் காலை பங்கு 104-இல் திறக்கிறது. திசை சரி, அளவும் சரி. ஆனால் ரிசல்ட் வெளியான கணமே தெரியாதது எதுவும் மிச்சமில்லை, ஐ.வி. 81-இலிருந்து 35 அளவுக்கு இறங்கிவிடும். அந்த ஐ.வி.யில், எக்ஸ்பயரிக்கு மூன்று நாள் வைத்துக் கணக்குப் போட்டால் 105 காலின் விலை சுமார் 1.10. பிட்டில் விற்றால் 1.05. பங்கு 4 டாலர் ஏறியும் போட்ட பணத்தில் பாதி போனது. அதே காலையில் பங்கு 106 வந்தால்தான் கொடுத்த விலை திரும்பும். 107 வந்தால் கால் 2.80. வெள்ளி வரை வைத்திருந்தால் 107.10 தாண்டினால்தான் லாபம். திசை சரியாக இருந்தும் நஷ்டம் வருவதற்கு வேறு மர்மம் ஏதும் இல்லை, வாங்கும்போதே 7.8 சதவீதத்துக்கான விலையைக் கொடுத்துவிடுகிறோம்.

4 சதவீதம்தான் ஏறும் என்று உறுதியாக நினைப்பவருக்கு ஓ.டி.எம். கால் (ஸ்ட்ரைக் பங்கு விலைக்கு மேலே உள்ளது) தப்பான கருவி. ஸ்ப்ரெட் (ஒரு கால் வாங்கி, அதைவிட மேல் ஸ்ட்ரைக் கால் விற்பது) பொருந்தும், அதைத் தனியாக எழுதுகிறேன்.

---

கரைமேல் அலை:

ஓ.ஐ. பற்றி நான் சொல்கிறேன். 105-இல் ஓ.ஐ. அதிகம் என்பதை வைத்து அதைத் தடுப்புச் சுவராக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு கான்ட்ராக்டுக்கும் ஒரு வாங்கியவர், ஒரு விற்றவர் உண்டு. அந்த எண் யார் பக்கம் அவசரம் என்று சொல்லாது. கையில் பங்கை வைத்துக்கொண்டு கவர்டு கால் விற்றவராக இருக்கலாம், ஸ்ப்ரெட்டின் ஒரு பகுதியாக இருக்கலாம், முழுக்க வாங்கும் ஆர்வமாகவும் இருக்கலாம். 100, 105, 110 போன்ற முழு எண்களில் ஓ.ஐ. குவிவதும் வழக்கம்தான். சாதாரண வாரத்தின் வெள்ளி மதியம் பெரிய ஓ.ஐ. உள்ள ஸ்ட்ரைக் அருகில் பங்கு ஒட்டிக்கொள்வது நடக்கும். ரிசல்ட் வாரத்தில் 10, 20 சதவீத இடைவெளியில் திறக்கும் பங்கை எந்த ஓ.ஐ.யும் பிடித்து நிறுத்தாது.

இன்னொன்று, ஓ.ஐ. நாளுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். இன்று காலை தெரிவது நேற்று இரவு தீர்ந்த கணக்கு. வால்யூம் மட்டுமே நேரலை. ஒரு ஸ்ட்ரைக்கில் ஓ.ஐ. 400, இன்றைய வால்யூம் 5,000 என்றால் புதிதாகப் பொசிஷன் கட்டப்படுகிறது என்று பெரும்பாலும் சொல்லலாம். வாங்குகிறார்களா விற்கிறார்களா என்பது அப்போதும் தெரியாது. டிரேட்கள் பிட் பக்கம் நடக்கின்றனவா ஆஸ்க் பக்கம் நடக்கின்றனவா என்று பார்த்தால் ஒரு குறிப்பு கிடைக்கும், அவ்வளவே.

ஓ.ஐ.க்கு உண்மையான பயன் வேறு இடத்தில். நீங்கள் வெளியேறும்போது எதிரில் ஆள் இருப்பார்களா என்பதை அது காட்டும். கூடவே பிட்-ஆஸ்க் இடைவெளி. உங்கள் செயினில் 100 கால் 4.05-க்கும் 4.25-க்கும் இடையே 20 சென்ட். நடுவிலையில் கிட்டத்தட்ட 5 சதவீதம். ஆஸ்க்கில் வாங்கி பிட்டில் விற்றால் பங்கு அசையாமலே 5 சதவீதம் கரைந்தது. 110 கால் இடைவெளி 10 சென்ட்தானே என்று தோன்றும், ஆனால் 0.90-க்கு அது 11 சதவீதம். விலை குறைந்த ஆப்ஷனில் இந்தச் செலவுதான் ஆளைத் தின்கிறது.

அதனால் மார்க்கெட் ஆர்டர் வேண்டவே வேண்டாம். நடுவிலையில் லிமிட் போடுங்கள், ஒரு நிமிடம் பாருங்கள், நிரம்பவில்லை என்றால் ஐந்து ஐந்து சென்ட்டாக நகர்த்துங்கள். 'லாஸ்ட்' என்ற பத்தியை மறைத்து வைப்பது நல்லது. அதிகம் நடமாட்டமில்லாத ஸ்ட்ரைக்கில் அந்த விலை மூன்று மணி நேரத்துக்கு முந்தையதாக, ஏன் நேற்றையதாகக்கூட இருக்கும். பங்கு அதற்குள் எங்கேயோ போயிருக்கும்.

புதன் காலையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. டார்கெட் ரிசல்ட் சந்தை திறக்கும் முன் வருகிறது. பங்கு முன்சந்தையிலேயே ஓடும், ஆனால் இந்த ஆப்ஷன் நியூயார்க் நேரம் காலை 9.30 முதல் மாலை 4 வரை மட்டும்தான். அதாவது செவ்வாய் 4 மணிக்கு எதை வைத்திருந்தீர்களோ அதோடுதான் புதன் 9.30-ஐச் சந்திக்க வேண்டும். ஸ்டாப் லாஸ் இடையில் காப்பாற்றாது, அது திறக்கும் விலையில் மார்க்கெட் ஆர்டராகப் பாயும். திறந்த முதல் ஐந்து பத்து நிமிடம் பிட் 1.00, ஆஸ்க் 2.50 என்றெல்லாம் தெரியும். மார்க்கெட் மேக்கர்கள் (இருபக்க விலையும் தருபவர்கள்) புதிய ஐ.வி. எங்கே நிற்கும் என்று பார்த்துவிட்டுத்தான் இடைவெளியைச் சுருக்குவார்கள். அந்த நேரத்தில் ஸ்டாப் தூண்டப்பட்டால் நீங்கள் விற்பது அந்த 1.00-இல்.

---

செங்காந்தள்:

மிக்க நன்றி. ஸ்ட்ராடில் கணக்கு இப்போது புரிகிறது. இரண்டு சந்தேகம். 105 வாங்கி 110 விற்கும் ஸ்ப்ரெட் இதே 4 சதவீத ஏற்றத்தில் எப்படி இருக்கும்? ஐ.வி. இவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றால் வாங்குவதை விட்டு 95 புட்டை விற்றுவிட்டு 215 டாலரை எடுத்துக்கொள்வது மேலா? பங்கு விழுந்தாலும் 95-க்கு வாங்கிக்கொள்ளத் தயார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு சின்னக் கேள்வி, 5 டாலர் தள்ளி உள்ள 95 புட் ஏன் 5 டாலர் தள்ளி உள்ள 105 காலை விட விலை கூடுதல்?

---

எண்சுவடி:

ஸ்ப்ரெட்: 105 கால் நடுவிலை 2.05, 110 கால் நடுவிலை 0.90. நிகரம் 1.15. இரண்டு காலையும் தனித்தனியாக ஆஸ்க்கிலும் பிட்டிலும் எடுத்தால் 1.25 ஆகும், எனவே ஒரே ஸ்ப்ரெட் ஆர்டராக 1.15-க்கு லிமிட் போட்டு, வேண்டுமென்றால் 1.20 வரை ஏற்றுங்கள். ஒரு காலை முதலில் வாங்கிவிட்டு மற்றதை நல்ல விலைக்கு விற்கலாம் என்று காத்திருப்பது தனிச் சூதாட்டம்.

புதன் காலை பங்கு 104. 105 கால் 1.10, 110 கால் சுமார் 0.10. ஸ்ப்ரெட் மதிப்பு 1.00. நஷ்டம் 15 சென்ட். தனிக் கால் வாங்கியவர் இதே இடத்தில் 95 சென்ட் இழந்திருப்பார். நீங்கள் விற்ற 110 காலும் அதே ஐ.வி. வீழ்ச்சியில் கரைவதால் ஒன்று மற்றதை ஈடு செய்கிறது. பங்கு 107 வந்தால் 105 கால் 2.80, 110 கால் 0.53, ஸ்ப்ரெட் 2.27. போட்டது கிட்டத்தட்ட இரட்டிப்பு. தனிக் கால் அங்கே 37 சதவீதம்தான் ஏறியிருக்கும். விட்டுக்கொடுப்பது 110-க்கு மேலே உள்ளதை. 2023 நவம்பர் மாதிரி 18 சதவீதம் ஏறினால் தனிக் கால்காரர் 13 டாலருக்கு விற்பார், உங்களுக்கு அதிகபட்சம் 5 டாலர், செலவு போக 3.85.

ஆனாலும் 4 சதவீதத்தில் ஸ்ப்ரெட்டும் லாபம் தரவில்லை, பாருங்கள். உங்கள் எதிர்பார்ப்பு உண்மையிலேயே 104 என்றால் 100 வாங்கி 105 விற்கும் ஸ்ப்ரெட் பொருத்தமானது. 4.15 கழித்தல் 2.05, நிகரம் 2.10. 104-இல் 100 கால் சுமார் 4.30, 105 கால் 1.10, மதிப்பு 3.20. இங்கேதான் உங்கள் கணிப்புக்குக் கூலி கிடைக்கிறது. எங்கே போய் நிற்கும் என்று நினைக்கிறீர்களோ அந்த இடத்துக்கு அருகில் விற்கும் ஸ்ட்ரைக் இருக்க வேண்டும், அதற்கு அப்பால் வாங்கும் ஸ்ட்ரைக் இருக்கக்கூடாது.

95 புட் விலை கூடுதலாக இருப்பது ஸ்க்யூ. பங்கு வைத்திருப்பவர்கள் காப்பீடாகப் புட் வாங்குகிறார்கள், வீழ்ச்சி ஏற்றத்தைவிட வேகமாக வரும் என்பதும் விலையில் ஏறிவிடுகிறது. புட் விலை கூடுதல் என்பதை வைத்து 'சந்தை இறக்கத்தை எதிர்பார்க்கிறது' என்று முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலான பங்குகளில், பெரும்பாலான நாள்களில் அது அப்படித்தான் இருக்கும்.

புட் விற்பதில் 215 டாலர் கண்ணில் படுகிறது, மறுபக்கத்தை எழுதிப் பார்ப்பவர்கள் குறைவு. கேஷ் செக்யூர்டாக, அதாவது பங்கை வாங்கும் முழுப் பணத்தையும் ஒதுக்கிச் செய்ய 9,500 டாலர் கணக்கில் முடங்கும். சமன் புள்ளி 92.85. பங்கு 93, 94-இல் நின்றால் நல்ல வியாபாரம். 2024 நவம்பர் மாதிரி 21 சதவீதம் விழுந்தால் பங்கு 79. அன்று உங்களுக்கு வரும் பங்கு 95 டாலரில் வந்தது. ஒரு கான்ட்ராக்டுக்கு 1,385 டாலர் நஷ்டம், வாங்கிய பிரீமியத்தைப் போல ஆறு மடங்குக்கு மேல். '95-க்கு வாங்கத் தயார்' என்று இப்போது சொல்வது லாப வரம்பு பற்றிய இன்றைய நம்பிக்கையோடு சொல்வது. அந்த 21 சதவீத நாளில் நிறுவனம் மூன்று மாதம் முன்பு 9.00 முதல் 9.70 டாலர் என்று உயர்த்திய முழு ஆண்டுப் பங்கு வருமான எதிர்பார்ப்பை 8.30 முதல் 8.90 என்று கீழே இறக்கியது. 95-க்கு வாங்கலாம் என்று நினைத்த நிறுவனம் வேறு, மறுநாள் கையில் வரும் நிறுவனம் வேறு.

விற்றே ஆக வேண்டும் என்றால் 90 புட்டை வாங்கி அடிப்பகுதியை அடைத்துவிடுங்கள். 90 புட் 1.05 என்றால் கையில் 1.10 வரும், அதிகபட்ச நஷ்டம் 3.90, அதாவது 390 டாலர். பங்கு 79 போனாலும் 60 போனாலும் அதே 390. ரிசல்ட் இரவைத் தாண்டிப் பிடிக்கும் விற்பனை எதுவாக இருந்தாலும் அடைக்காமல் விடக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து, குறிப்பாக டார்கெட் போன்ற பங்கில்.

---

நிதானன்:

இங்கே இதுவரை வராத ஒன்று டிவிடெண்ட். டார்கெட்டில் இதைச் சேர்த்துப் பார்க்காமல் செயினைப் படிக்க முடியாது.

2025-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்-டிவிடெண்ட் நாள்கள் (அன்று முதல் பங்கு வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் கிடையாது) மே 14, ஆகஸ்ட் 13, நவம்பர் 12. ரிசல்ட் நாள்கள் மே 21, ஆகஸ்ட் 20, நவம்பர் 19. மூன்று முறையும் ரிசல்ட்டுக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு. ஆகஸ்டிலும் நவம்பரிலும் தொகை பங்குக்கு 1.14 டாலர். செயினில் இந்தத் தேதி எங்கும் எழுதியிருக்காது. நிறுவன அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும். 2024 மே 28 முதல் செட்டில்மென்ட் ஒரு நாளாகச் சுருங்கியதால் ரெக்கார்டு தேதியும் (டிவிடெண்ட் யாருக்கு என்று பதிவேட்டில் பார்க்கும் நாள்) எக்ஸ் தேதியும் ஒன்றேதான்.

இது ஏன் முக்கியம்? இந்த ஆப்ஷன்கள் அமெரிக்க வகை. வாங்கியவர் எக்ஸ்பயரி வரை எந்த நாளிலும் எக்சர்சைஸ் செய்யலாம், அதாவது தன் உரிமையைப் பயன்படுத்தலாம். ஐ.டி.எம். கால் (ஸ்ட்ரைக் பங்கு விலைக்குக் கீழே உள்ளது) விற்றிருக்கிறீர்கள் என்றால், எக்ஸ் தேதிக்கு முந்தைய மாலை, டிவிடெண்டைப் பிடிக்க எதிர்ப்பக்கக்காரர் எக்சர்சைஸ் செய்வாரா என்று பார்க்க எளிய வழி உண்டு: அதே ஸ்ட்ரைக், அதே எக்ஸ்பயரி புட்டின் விலையைப் பாருங்கள். அது டிவிடெண்டைவிடக் குறைவாக இருந்தால் எக்சர்சைஸ் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பங்கு 100, நீங்கள் விற்றது அந்த வார வெள்ளி எக்ஸ்பயரி 92 கால், 92 புட் 0.20 என்று நிற்கிறது. 0.20 எங்கே, 1.14 எங்கே. நிச்சயம் வரும். பங்கு கையில் இல்லாமல் விற்றிருந்தால் மறுநாள் காலை 100 பங்கு ஷார்ட்டாக (கையில் இல்லாத பங்கை விற்ற நிலையில்) நிற்பீர்கள், 114 டாலர் டிவிடெண்டும் உங்கள் கணக்கிலிருந்து கழியும்.

இதில் நுணுக்கம் என்னவென்றால், ரிசல்ட்டைத் தாண்டிய எக்ஸ்பயரியில் அதே 92 புட் 2 டாலருக்கு மேல் இருக்கலாம், ஏனென்றால் ரிசல்ட் பயம் அதில் அடங்கியிருக்கிறது. அந்தக் கால் ஆப்ஷனை யாரும் முன்கூட்டி எக்சர்சைஸ் செய்யமாட்டார்கள், நேர மதிப்பை வீணாக்க மாட்டார்கள். ஆக ஒரே ஸ்ட்ரைக், எக்ஸ்பயரி ஒரு வாரம் முன்பின்: ஒன்றில் அசைன்மென்ட் (விற்றவர் மேல் எக்சர்சைஸ் வந்து விழுவது) உறுதி, மற்றதில் கிட்டத்தட்ட இல்லை. ரிசல்ட்டுக்குக் காலண்டர் ஸ்ப்ரெட் (கிட்ட எக்ஸ்பயரியை விற்று, தள்ளிய எக்ஸ்பயரியை வாங்குவது) போடுபவர்கள் முந்தைய வாரக் கால் ஆப்ஷனை விற்கும்போது மாட்டிக்கொள்வது இங்கேதான்.

செங்காந்தள் காட்டிய செயின் ரிசல்ட் வாரத்துத் திங்கள், அதற்குள் எக்ஸ் தேதி போய்விட்டது. அதனால்தான் 100 காலும் 100 புட்டும் ஏறக்குறைய ஒரே விலை. எக்ஸ் தேதிக்கு முன் பார்த்திருந்தால், அதைத் தாண்டிய எக்ஸ்பயரியில் புட் ஒரு டாலர் அளவு கூடுதலாக இருந்திருக்கும். பங்கு அன்று 1.14 குறைந்து திறக்கும் என்ற கணக்குதான் அது, இறக்கத்தின் அறிகுறி கிடையாது.

வெள்ளிக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். 105/110 ஸ்ப்ரெட் வைத்திருக்கிறீர்கள், பங்கு 107-இல் முடிகிறது. ஒரு சென்ட் ஐ.டி.எம். இருந்தாலும் தானாக எக்சர்சைஸ் ஆகும். 105 கால் பங்காக மாறி 10,500 டாலர் கேட்கும், 110 கால் காலாவதியாகும். திங்கள் காலை 100 பங்கோடு விழிப்பீர்கள், வார இறுதிச் செய்தியின் ஆபத்து முழுக்க உங்களுடையது. கணக்கில் அவ்வளவு பணம் இல்லை என்றால் புரோக்கர் வெள்ளி மதியமே தன் விருப்பப்படி மூடிவிடுவார், அது நல்ல விலையாக இருக்காது. பங்கு 109.95-இல் முடிந்தால் இன்னும் சிக்கல். கால் வைத்திருப்பவருக்கு நியூயார்க் நேரம் 5.30 வரை முடிவெடுக்க அவகாசம் உண்டு. 4 மணிக்குப் பிறகு பங்கு 110.40 போனால் அவர் எக்சர்சைஸ் செய்யலாம், உங்களுக்குத் தெரிவது பிறகுதான். மூன்று மணிக்குள் மூடிவிடுங்கள். கடைசி 20, 30 சென்ட்டுக்காகக் காத்திருக்கும் இடமல்ல அது.

---

கரைமேல் அலை:

நிதானன் சார் சொன்ன தேதி விஷயத்தோடு ஒன்று சேர்க்கிறேன். ரிசல்ட் தேதியைச் செயினிலேயே சரிபார்க்கலாம். ரிசல்ட் வாரத்துக்கு முந்தைய வாரத் திங்களன்றே எக்ஸ்பயரி வாரியாக 100 ஸ்ட்ரைக்கின் ஐ.வி.யை வரிசையாக எழுதுங்கள். எண்சுவடியின் கணக்குப்படி சாதாரண நாள் அசைவு (திட்ட விலக்கம்) 1.8, ரிசல்ட்டுக்கு ஸ்ட்ராடில் கணக்கில் 7.8 என்று போட்டால் முதல் வெள்ளி 29 அளவில் இருக்கும். ரிசல்ட் வாரத்து வெள்ளி 58, அடுத்த வாரம் 50, ஆறு வாரம் தள்ளி 40. எங்கே திடீரென்று குதிக்கிறதோ அதற்கு முன்னால் ரிசல்ட் இருக்கிறது. சில தளங்களில் வரும் தேதி நிறுவனம் உறுதி செய்யாத மதிப்பீடு மட்டுமே. அந்தத் தேதியும் ஐ.வி. குதிக்கும் இடமும் பொருந்தவில்லை என்றால் ஐ.வி.யை நம்புங்கள், பிறகு நிறுவனத்தின் முதலீட்டாளர் பக்கத்தில் போய்ப் பாருங்கள்.

58 ஒரு வாரத்தில் 81 ஆவதைப் பார்த்து 'ஐ.வி. ஏறுகிறது, இப்போதே வாங்கி வைத்தால் லாபம்' என்று கணக்குப் போடாதீர்கள். ரிசல்ட்டுக்கான 7.8 அப்படியேதான் இருக்கிறது, அதைச் சுற்றியுள்ள சாதாரண நாள்கள் குறைவதால் சராசரி மேலே தெரிகிறது. டாலர் கணக்கில் ஸ்ட்ராடில் விலை மெல்ல இறங்கிக்கொண்டுதான் இருக்கும்.

---

செங்காந்தள்:

அருமை. கடைசியாக ஒன்று. வால்மார்ட் ரிசல்ட்டும் அதே வாரத்தில் வருகிறதே, அது டார்கெட் செயினை எவ்வளவு பாதிக்கும்?

---

எண்சுவடி:

யார் முதலில் என்பதைப் பொறுத்தது. 2022 மே 17 அன்று வால்மார்ட் ரிசல்ட் வந்து சுமார் 11 சதவீதம் விழுந்தது. டார்கெட் அடுத்த நாள். 2024 நவம்பரிலும் வால்மார்ட் ஒரு நாள் முன்னால், ஆனால் அப்போது வால்மார்ட் ஏறியது, டார்கெட் விழுந்தது. மளிகை வால்மார்ட்டில் பெரும்பங்கு, டார்கெட்டில் உடை, வீட்டுப் பொருள் போன்ற தள்ளிப்போடக்கூடிய செலவுகள் அதிகம். எனவே திசையைக் கடன் வாங்காதீர்கள். 2025 ஆகஸ்டிலும் நவம்பரிலும் டார்கெட்தான் ஒரு நாள் முந்தியது.

வால்மார்ட் முதலில் வந்தால், அன்று மதியம் டார்கெட்டின் 100 ஸ்ட்ராடிலை மறுபடி கூட்டிப் பாருங்கள், ஆனால் பங்கு நகர்ந்திருந்தால் 100-ஐ விட்டு அப்போது பங்கு நிற்கும் ஸ்ட்ரைக்குக்கு மாறிவிடுங்கள். பங்கு 97-க்கு இறங்கிய பிறகு 100 ஸ்ட்ராடிலைக் கூட்டினால் அதில் 3 டாலர் உள்மதிப்பும் சேர்ந்து அசைவு கூடிவிட்டது போலக் காட்டும். 97 ஸ்ட்ரைக்கில் கூட்டி, 97-ஆல் வகுத்து, அந்தச் சதவீதத்தைத் திங்கள்கிழமை 8.2-ஓடு வையுங்கள். செவ்வாய் ஒரு சாதாரண நாள் கழிந்திருப்பதால் கொஞ்சம் குறைந்திருப்பது இயல்பு, 8-க்குச் சற்று மேலே கீழே. 9-ஐத் தாண்டியிருந்தால் வால்மார்ட் சொன்ன ஏதோ ஒன்று டார்கெட்டுக்கும் பொருந்தும் என்று பணம் போடுகிறவர்கள் நினைக்கிறார்கள், வால்மார்ட் அறிக்கையில் சரக்கு இருப்பு, மொத்த லாப வரம்பு பற்றி எழுதிய பத்திகளை அப்போது படித்துவிடுங்கள். ஆர்டர் போடுவதாக இருந்தால் செவ்வாய் 3.30-க்குள் போடுங்கள், கடைசிச் சில நிமிடங்களில் ரிசல்ட் ஆப்ஷன்களின் இடைவெளி மறுபடி விரியும்.